நம்மால ஆகும் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது?

டெல்டாவில் சர்க்கரை நோயைப் பற்றித் தெரியாத வீடு இன்று கிடையாது. மன்னார்குடி பக்கமோ மயிலாடுதுறை பக்கமோ எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும், "வெறும் வயித்துல 180, சாப்ட்டப்புறம் 260" என்று யாராவது தன் கணக்கைச் சொல்லிக்கொண்டிருப்பார். சோற்றைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், காலில் புண் வந்தால் அசட்டையாக இருக்கக் கூடாது, புகையிலை வாயைக் கெடுத்துவிடும் என்பதெல்லாம் மனப்பாடம். இருந்தும் மதியத் தட்டில் சோறு குவிவதும், இடுப்புச் சுருக்குப் பையில் புகையிலை இருப்பதும் மாறுவதில்லை.

ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "எனக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "டாக்டர் பொய் சொல்றார்" என்றும் சொல்ல மாட்டார்கள். "நம்மால ஆவாதுங்க" என்பார்கள். அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆனால் மக்கள் ஏன் மாறுகிறார்கள், ஏன் மாறுவதில்லை என்று அரை நூற்றாண்டாக ஆராய்ந்தவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடமும் கிட்டத்தட்ட இந்தப் பதில்தான்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1925-ல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் முண்டேர் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அவர் படித்த உயர்நிலைப் பள்ளியில் இருந்ததே இரண்டு ஆசிரியர்கள். பிள்ளைகள் பெரும்பாலும் தாங்களாகவேதான் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1977-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். அதில் அவர் இரண்டு நம்பிக்கைகளைத் தனித்தனியாகப் பிரித்தார். 'இதைச் செய்தால் பலன் கிடைக்கும்' என்பது ஒன்று. 'இதை என்னால் செய்ய முடியும்' என்பது இன்னொன்று. முதலாவது முழுதாக இருந்து இரண்டாவது இல்லாமல் போகலாம். ராத்திரிச் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும் என்று சத்தியம் செய்பவரே, அதே ராத்திரி இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொள்வது இதனால்தான்.

பண்டூராவின் ஆரம்ப காலச் சோதனைகள் பாம்பைக் கண்டு நடுங்கும் ஆட்களை வைத்து நடந்தன. நஞ்சில்லாத பாம்புதான், முதலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பது, அப்புறம் கையுறையோடு தொடுவது, அப்புறம் வெறும் கையால், கடைசியில் மடியில் விடுவது. (வரப்பில் தினம் நல்ல பாம்பைப் பார்க்கிற நம்மாட்களுக்கு இந்தச் சோதனை சிரிப்பாக இருக்கும், இங்கே பயப்படுவதுதான் புத்திசாலித்தனம்.) எந்தப் படியை ஒருவர் தாண்டுவார் என்பதை அவருடைய பயத்தின் அளவை விட, 'இந்தப் படியை நான் தாண்டுவேன்' என்று அவர் முன்கூட்டிச் சொன்ன பதில் நன்றாகக் காட்டிக்கொடுத்தது.

சுகாதாரத் துறைக்கு இது உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. 1950-களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே எடுக்கிறோம் என்று கூப்பிட்டும் ஜனங்கள் வராதது ஏன் என்று ஆராய்ந்து ஒரு கோட்பாடு வகுத்தார்கள். நோய் எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், பரிசோதனையால் என்ன லாபம், போவதில் என்ன தொந்தரவு என்பவைதான் அதன் அடிப்படைக் கேள்விகள். 'என்னால் முடியுமா' என்ற கேள்வி அதில் சேர்ந்தது 1988-ல்தான். காரணம் எளிது. எக்ஸ்ரே எடுப்பதற்கோ ஊசி போட்டுக்கொள்வதற்கோ ஒரு தடவை போய் நின்றால் போதும். சோற்றைக் குறைப்பதும் புகையிலையை விடுவதும் தினம் மூன்று வேளை, வாழ்நாள் முழுக்க. நம் ஊர்ச் சுவரில் எழுதும் விழிப்புணர்வு வாசகங்கள் இன்னும் அந்த எக்ஸ்ரே காலத்துக் கணக்கில்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம். பயமுறுத்துவதில் குறை வைப்பதில்லை. எப்படிச் செய்வது என்ற இடத்தில்தான் சுவர் காலியாக இருக்கிறது.

சரி, அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? பண்டூரா நான்கு ஊற்றுகளைச் சொல்கிறார்: தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் தன் உடம்பும் மனசும் தரும் சமிக்ஞை. இவற்றில் பலமானது முதலாவது. நாம் அதிகம் பயன்படுத்துவதோ மூன்றாவது, அதுவும் பெரும்பாலும் திட்டாக.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல், இன்னும் களையெடுக்கப் போகிறார். மருத்துவமனையில் "சோத்த விட்டுட்டு சப்பாத்தி சாப்பிடும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வயலிலிருந்து வந்து, குளித்து, மாவு பிசைந்து, தேய்த்து, சுட்டு, பல் இல்லாத வாயில் மெல்ல வேண்டும். இரண்டு மூன்று ராத்திரிக்கு மேல் தாங்கவில்லை. "நமக்கெல்லாம் அது சரிப்படாது" என்று முடித்துவிட்டார். கவனியுங்கள், சப்பாத்தி தோற்றதாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தான் தோற்றதாக எடுத்துக்கொண்டார். அப்புறம் அதே தெருவைச் சேர்ந்த சுகாதாரத் தன்னார்வலர் பெண் வந்து, "அத்தை, காலையும் மதியமும் நீங்க சாப்புடுறபடியே சாப்புடுங்க. ராத்திரி மட்டும் ஒரு கரண்டி குறைச்சு, அந்த எடத்துல கீரையோ காயோ வச்சுக்குங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் பாருங்க, போதும்" என்றார். வெள்ளிக்கிழமை வந்தது. "ஆயிடுச்சே!" என்றார் அந்த அம்மா, தனக்கே ஆச்சரியமாக. மருத்துவக் கணக்கில் ஒரு கரண்டி சோறு பெரிய விஷயமில்லை. ஆனால் அடுத்து மதியத்தில் கை வைக்கும் துணிச்சல் அதிலிருந்துதான் கிடைத்தது. முதல் இலக்கு உடம்புக்குப் போதுமானதாக இருக்க வேண்டிய அவசியமில்லை, ஜெயிக்கக்கூடியதாக இருந்தால் சரி.

இரண்டாவது ஊற்றை டெல்டா விவசாயிக்கு விளக்கவே தேவையில்லை. ஒற்றை நாற்று நடவு வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பதினாலு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, இடைவெளி 22.5 சென்டிமீட்டர். வேளாண் துறை அலுவலர் கூட்டம் போட்டுச் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தவர்கள், பக்கத்துக்காரர் போட்ட செயல்விளக்கத் திடலில் தூர் வெடித்து நிரம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தங்கள் வயலில் இறங்கினார்கள். அதிலும் பெரிய பண்ணையில் விளைந்தால் "அவருக்கென்ன, போர் இருக்கு, ஆள் இருக்கு" என்றார்கள். தன்னைப் போல ஒன்றரை ஏக்கர்காரர் வயலில் விளைந்தபோதுதான் நம்பினார்கள். உடம்பு விஷயமும் இப்படியே. சென்னையில் கடற்கரையில் ஓடும் டாக்டரின் வீடியோ ஒன்றும் செய்யாது. அதே தெருவில், அதே ரேஷன் அரிசி வாங்கி, அதே சம்பா நடவுக்குப் போய்க்கொண்டே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஒருவர் இருந்தால் அவர் பேச்சு எடுபடும். அவரும் முதலில் தடுமாறி, விட்டுப் பிடித்தவராக இருந்தால் இன்னும் நல்லது. பிறவியிலேயே கட்டுப்பாடானவரைப் பார்த்து யாருக்கும் தைரியம் வராது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருவது அதன் வெளிப்படையான பலன். கொண்டுவருபவர் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த உள்ளூர்ப் பெண் என்பதற்கு இருக்கும் மதிப்பை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனால் அந்த மதிப்பு வீணாகிறது. அவருக்கும் எத்தனையோ பதிவேடு, எத்தனையோ வீடு. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

எனக்கு நெடுநாளாக உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. "நம்மால ஆவாது" என்று சொல்லும் இதே ஜனங்கள் செய்யும் காரியங்களைப் பாருங்கள். தினம் குடிக்கும் ஆள் கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். ஒரு மண்டலம் சொட்டு குடிப்பதில்லை, பீடி தொடுவதில்லை, விடியற்காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளிக்கிறார், காலில் செருப்பு கூட இல்லை. நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் ரமலான் மாதத்தில், நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பவர் ஸஹரிலிருந்து நோன்பு திறக்கும் வரை பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் புகையில்லாமல் இருக்கிறார், தண்ணீர் கூட இல்லாமல். சமயபுரத்துக்கு நடந்தே போகும் பெண்களுக்கு முட்டி வலி இல்லையா என்ன? அந்த அம்மனே மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். அவளை நினைத்து இவர்களும் இருக்கிறார்கள்.

ஆக, ஜெயித்த அனுபவம் கைவசம் மலை மாதிரி இருக்கிறது. அது ஏன் சர்க்கரைக்கும் சாராயத்துக்கும் உதவ மாட்டேன் என்கிறது?

ஒரு காரணம், வெற்றியை யார் கணக்கில் எழுதுகிறோம் என்பது. ஜெயித்தது வெளித்துணையால் என்று ஒருவர் நினைத்தால், அந்த வெற்றி தன் திறமை மேல் உள்ள நம்பிக்கையை அவ்வளவாக ஏற்றாது என்பதைப் பண்டூராவே சொல்கிறார். மாலை போட்டவரைக் கேளுங்கள்: "நானா இருந்தேன்? ஐயப்பன் இருக்க வச்சான்." பக்தியாக இது அழகான பதில். ஆனால் மாலையைக் கழற்றிய அன்றைக்கு 'இருக்க வைத்தவன்' போய்விட்டான் என்ற கணக்கும் இதற்குள்ளேயே இருக்கிறது.

இன்னொரு காரணம் சுற்றுப்புறம். மாலையில் இருப்பவரை ஊரே 'சாமி' என்று கூப்பிடுகிறது. பழைய கூட்டாளி ஒருவரும் கிளாஸை நீட்டுவதில்லை. வீட்டில் தனியாகச் சுத்தமாகச் சமைக்கிறார்கள். சாயங்காலம் கூடிப் பாட ஒரு குழு இருக்கிறது. எப்போது முடியும் என்ற தேதியும் தெரியும். இத்தனை முட்டுக்கொடுத்துத்தான் அந்த மண்டலம் நிற்கிறது. மாலை இறங்கியதும் எல்லா முட்டும் ஒரே நாளில் எடுக்கப்படுகின்றன. அன்று சாயங்காலம் அவர் தனியாள்.

இதை வைத்து விரதத்தை மட்டம் தட்டுவது அறிவீனம். குடியை விட நினைப்பவரைச் சந்திக்க ஒரு சுகாதாரப் பணியாளருக்கு வருஷத்தில் இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. மாலை கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு. "சாமி, இந்த நாப்பது நாளும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கை என்ன செஞ்சிது? ஆசை வந்தப்ப எப்படித் தள்ளுனீங்க?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலில் அவருடைய சொந்த உத்திகள் வரும்: அந்த வழியாகப் போகவில்லை, சீக்கிரம் சாப்பிட்டுவிட்டேன், பஜனைக்குப் போய்விட்டேன். ஐயப்பன் அருளில் கை வைக்காமலே, செய்தது அவர் என்பதையும் அவருக்கு எடுத்துக்காட்டலாம். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரை போகும் ஆபத்து உண்டு என்பதால், அப்படிப்பட்டவர் மாலை போடும் முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

நான்காவது ஊற்றான உடம்பின் பேச்சை நாம் சரியாக மொழிபெயர்ப்பதில்லை. நடவு நடும் பெண்கள் பத்து மணி வாக்கில் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை, சீவல், புகையிலை போடுவார்கள். இடுப்பு வலியும் பசியும் அதில் மரத்துப்போகின்றன. புகையிலையை நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை உச்சத்தில் இருக்கும். பெரும்பாலானோருக்கு இரண்டிலிருந்து நாலு வாரத்தில் தணிந்துவிடும். ஒவ்வொரு தடவை எழும் ஆசையும் சில நிமிஷங்களில் அடங்கும். இது முன்கூட்டித் தெரியாதவர் மூன்றாம் நாள் தலைவலியை "உடம்பு கேக்குது, நமக்கு விட முடியாது" என்று வாசிக்கிறார். தெரிந்தவர் அதையே "உச்சம் வந்தாச்சு, இனிமே எறங்கும்" என்று வாசிக்கிறார். தலைவலி ஒன்றுதான். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: படபடப்பும் வியர்வையும் நடுக்கமும் வந்தால் அது சர்க்கரை இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். அதை மன உறுதியால் தாண்டக் கூடாது. உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட வேண்டும். சோற்றை நிறையக் குறைக்கப் போவதாக இருந்தால் மாத்திரை அளவைப் பற்றியும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் நம்பிக்கை எவ்வளவு இருந்தாலும் நல்லது என்று ஆகிவிடாது. "நான் நெனச்சா நாளைக்கே விட்டுடுவேன்" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். 2009-ல் உளவியல் ஆய்வாளர் லோரன் நார்ட்கிரென் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சிகரெட்டை விட்டு மூன்று வாரமான ஆட்களைப் பார்த்தார்கள். தன் மனக்கட்டுப்பாட்டின் மேல் அதிக நம்பிக்கை வைத்தவர்கள் புகைப்பவர்களின் பக்கத்திலேயே துணிந்து போய் நின்றார்கள். சில மாதம் கழித்துத் திரும்பப் புகைக்க ஆரம்பித்தவர்களிலும் அவர்களே அதிகம். 'ஆசையை எதிர்த்து நிற்பேன்' என்ற தெம்பு வேறு, 'ஆசை வரும் இடத்துக்குப் போகாமல் இருப்பேன்' என்ற தெம்பு வேறு. இரண்டாவதுதான் வேலைக்கு ஆகிறது.

பெர்லினில் உளவியலாளர் ரால்ஃப் ஷ்வார்ட்ஸர் இந்த நம்பிக்கையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்: தொடங்க முடியும் என்ற நம்பிக்கை, தொடர முடியும் என்ற நம்பிக்கை, விட்டுப்போனால் மீண்டும் பிடிக்க முடியும் என்ற நம்பிக்கை. டெல்டாவில் அதிகம் தேவைப்படுவது மூன்றாவது. தை பிறந்தால் அறுவடைக் கூலி கையில் புழங்கும், பொங்கல், அதைத் தொடர்ந்து கல்யாண வரிசை. பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை மறுக்க முடியாது. மறுத்தால் பெண் வீட்டார் மனம் நோகும். அன்று ஒரு கை சாப்பிடுவதால் ஆரோக்கியம் குலைந்துவிடாது. மறுநாள் "போச்சு, எல்லாம் போச்சு, இனி என்ன" என்று கைகழுவுவதில்தான் குலைகிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களிடம் உளவியலாளர் ஆலன் மார்லட் இதே சரிவைக் கண்டார்: ஒரு சறுக்கலைத் தன் குணத்தின் குறை என்று எடுத்துக்கொள்பவர் முழுசாக விழுகிறார், அந்தச் சூழ்நிலையின் குறை என்று பார்ப்பவர் எழுந்துகொள்கிறார்.

அதனால்தான் மருத்துவமனைத் திட்டுகள் எதிர்வேலை செய்கின்றன. "சொன்னா கேக்க மாட்டீங்களா? இப்படியே போனா கால எடுக்க வேண்டியதுதான்" என்பது சொல்பவருக்கு அக்கறை. கேட்பவருக்கோ ஏற்கெனவே சந்தேகப்பட்ட ஒன்று உறுதியாகிறது: நான் உருப்படாதவன். அடுத்த மாதம் அவர் வருவதே இல்லை, அல்லது வருவதற்கு இரண்டு நாள் முன்பு மட்டும் பட்டினி கிடந்து வருகிறார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் அந்தத் தந்திரம் பலிக்காது என்றாலும், அது வேறு கதை.

திட்டுவதற்குப் பதிலாக ஒரு கேள்வி இருக்கிறது. "ராத்திரி ஒரு கரண்டி குறைக்க உங்களால முடியும்னு சைபர்லேருந்து பத்துக்குள்ள எவ்வளவு நம்புறீங்க?" நாலு என்றால், "ஏன் பத்து இல்ல?" என்று கேட்காமல் "ஏன் ரெண்டு இல்லாம நாலு?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்குச் சாக்குகள் வரும், இரண்டாவது கேள்விக்குப் பலங்கள் வரும். நாலைவிடக் குறைவாகச் சொன்னால் ஆளைக் குறை சொல்லாமல் இலக்கைச் சின்னதாக்க வேண்டும். கேள்வியும் குறிப்பாக இருக்க வேண்டும்: வீட்டில் இருக்கும் நாளில் எவ்வளவு, நடவு நாளில் எவ்வளவு, துக்க வீட்டுக்குப் போய் வந்த நாளில் எவ்வளவு என்று தனித்தனியாக. பொதுவாக 'உங்களுக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா' என்று கேட்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. மேடையில் முழங்கும் ஆள் ஒரு வெற்றிலைச் சீவலை விட முடியாமல் தவிப்பார்.

நம் உடம்புவாகுக்கு இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆதாரம். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை ஏறக்குறைய மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவும் நடையும் மாற்றிய குழுவில் அது 39.3 சதவீதம். மாத்திரையும் சேர்த்துக் கொடுத்த குழுவில் அதற்கு மேல் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அவர்கள் நகரத்து வேலைக்காரர்கள், விவசாயிகள் இல்லை. ஆனாலும் சோறு தின்று வளர்ந்தவர்கள்தான். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில்.

சில சமயம் நம்பிக்கை இல்லாதவர் நோயாளியே அல்ல. 1950-களில், ஏழைக் காசநோயாளிகள் வீட்டில் இருந்தபடி ஒரு வருஷம் ஒழுங்காக மருந்து சாப்பிட மாட்டார்கள், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்தால்தான் ஆகும் என்று பல மருத்துவர்கள் நினைத்தார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் இரண்டையும் ஒப்பிட்டு, வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்று 1959-ல் உலகத்துக்கே காட்டியது. "இந்த ஜனங்களால முடியாது" என்று மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து சொல்பவர்கள் அந்தக் கதையை ஒருமுறை படிக்கலாம்.

அதேசமயம் எல்லாவற்றையும் மனசின் தலையில் போட்டுவிட்டு அரசாங்கம் கைகழுவிவிடவும் கூடாது. தமிழ்நாட்டில் 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம்; ஏழை வீட்டில் இருக்கும் மலிவான பொருள் அரிசிதான், காய்தான் ஆடம்பரம். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து உடல் உழைப்பு வருஷத்தில் சில வாரங்களாகச் சுருங்கிவிட்டது, சாப்பாட்டு அளவு மட்டும் பழைய உழைப்புக் கணக்கில் நிற்கிறது. பெண்கள் சாயங்காலம் ஆற்றங்கரையில் நடந்தால் "எங்கடி இந்த நேரத்துல?" என்று கேட்க ஆள் இருக்கிறது. இதையெல்லாம் தாண்டி ஒருவர் 'முடியாது' என்று சொல்லும்போது, பாதி நேரம் அவர் தன் நிலைமையைச் சரியாகவே கணித்துச் சொல்கிறார்.

அப்புறம், கரண்டி யார் கையில் இருக்கிறது என்ற விஷயம். ஆண்களுக்குச் சர்க்கரை வந்தால் ஆலோசனை ஆணுக்குச் சொல்லப்படுகிறது. அவர் ஒரு நாளும் அடுப்பங்கரைப் பக்கம் போனவரில்லை. தட்டில் விழுவதைச் சாப்பிடுபவர். விழுவதைத் தீர்மானிப்பவர் வெளியே வராந்தாவில் பையோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சைபர் முதல் பத்துக் கேள்வியை அவரையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மருமகள் சமைக்கும் வீடாக இருந்தால் மூன்று பேரையும்.